பழைய தேதிக்காரர்கள்

உலக வரலாற்றில் ஏமாற்றவே முடியாத மனிதன் ஒருவன்தான் பிறந்திருக்கிறான். அவன் சேலையூரில் ஒரு மாடி போர்ஷனில் குடியிருக்கிறான். தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் பி.ஏ. வரலாறு, இரண்டாம் ஆண்டு. பெயர் கேஷவ். இந்த உண்மையை உலகுக்கு அறிவித்ததும் கேஷவ்தான். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல், கண்டக்டர் ஸ்டாப்பிங் பேரைச் சொல்வதுபோல் அறிவித்தான்.

அன்றைக்கு ஏப்ரல் ஒன்று.

"மச்சான், இந்த நாள் எப்படி வந்துச்சு தெரியுமா?"

எதிரே விக்கி பஜ்ஜியோடு போராடிக்கொண்டிருந்தான். விக்கி அவனுடைய வகுப்புத் தோழன், உயிர் நண்பன், பெரும்பாலும் பலியாடு.

"தெரியாதுன்னா சொல்லுவ. தெரியும்னாலும் சொல்லுவ. சொல்லித் தொலை."

"ஃபிரான்ஸ்ல ஒரு காலத்துல வருஷப் பொறப்பு மார்ச் கடைசியில ஆரம்பிச்சு ஏப்ரல் ஒண்ணு வரைக்கும் நடக்குமாம். திடீர்னு ராஜா சொல்லிட்டான்... இனிமே ஜனவரி ஒண்ணுதான்னு. ஊரே மாறிடுச்சு. சில பேர் மட்டும் மாறல. சேதி போய்ச் சேரலையோ, சேர்ந்தும் மனசு கேக்கலையோ... அதே பழைய தேதியில புதுத்துணி போட்டுக்கிட்டு, பலகாரம் பண்ணி வச்சுக்கிட்டு, வாசல்ல நின்னானுங்க. அவனுங்க முதுகுல காகிதத்துல மீன் வெட்டி ஒட்டி ஊரே சிரிச்சுது. அதான் ஆரம்பம்ங்கறாங்க. நிஜமான்னு எந்தப் புரொபசரும் சத்தியம் பண்ண மாட்டார். நான் பண்ணுவேன்."

"மீன் எதுக்குடா?"

"அந்த மாசத்து மீனுக்கு வயசு கம்மி. தூண்டிலைப் பாத்தா நம்பிடும்." கேஷவ் டம்ளரை வைத்தான். "மனுஷ சாதியிலேயே பெரிய முட்டாள் யாருன்னா, போன தேதியைப் பிடிச்சுக்கிட்டு வாசல்ல நிக்கிறவன்தான். கிழிச்ச காலண்டர் கிழிச்சதுதான் மச்சான்."

பேச்சோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதை கிடையாது. ஆனால் பள்ளிக்கூட நாட்களில் ஏப்ரல் ஒன்று என்றால் என்ன? பேனாவை உதறி முதுகில் மை தெளிப்பது. உருளைக்கிழங்கைப் பாதியாக வெட்டி, அதில் ஏப்ரல் ஃபூலுக்கு 'ஏ எஃப்' என்று தலைகீழாகச் செதுக்கி, மையில் தோய்த்து, அசந்தவன் சட்டையில் முத்திரை குத்துவது. இப்போதோ எல்லாம் செல்போனில் நடக்கிறது. கலை அழிகிறதே என்று கேஷவ் உளமார வருந்தினான். வரலாற்றுத் துறை மாணவன் சும்மா இருக்கலாமா? அவன் பையில் ஒரு உருளைக்கிழங்கு தயாராக இருந்தது.

தாம்பரம் ஸ்டேஷன் நடை மேம்பாலத்தில் கூட்டம். விக்கியின் வெள்ளைச் சட்டை முன்னால் போய்க்கொண்டிருந்தது. கேஷவ் நெருங்கினான், குறி பார்த்தான், குத்தினான்.

திரும்பியது விக்கி இல்லை.

வெள்ளைக் கோட்டு. அதற்குள் ஒரு பெண். அதிர்ச்சியில் அவள் கையிலிருந்த பூப்பொட்டலம் நழுவி விழுந்தது. பின்னால் வந்த கூட்டம் அதன் மேல் ஏறிப் போயிற்று... மல்லிகை மிதிபட்டு நசுங்கிய வாசனை மட்டும் பாலம் முழுக்க எழுந்தது.

அவள் கோட்டைக் கழற்றிப் பார்த்தாள். முதுகின் நடுவில் பச்சை நீலத்தில் இரண்டு எழுத்துகள்.

"என்னா இது?"

"ஏர் ஃபோர்ஸ்," என்றான் கேஷவ், சற்றும் யோசிக்காமல். "தாம்பரத்துல ஆள் எடுக்கறாங்க. நீங்க செலக்டட்."

எவளாக இருந்தாலும் ஒன்று திட்டியிருப்பாள், அல்லது சிரித்திருப்பாள். இவள் இரண்டும் செய்யவில்லை. நிமிர்ந்து பார்த்தாள். அப்பா... என்ன கண்கள் அவை! மழை வருமா வராதா என்று யாருக்கும் சொல்லாமல் கறுத்து நிற்கும் வானம் மாதிரி. அழக் கூடாது என்று என்றைக்கோ முடிவெடுத்துவிட்ட கண்கள்.

"இன்னைக்குன்னு பாத்துதானா..." என்றாள். அவனிடம்கூட இல்லை, தனக்கே. குனிந்து நசுங்கிய பூவை எடுத்தாள். "எங்கம்மாவுக்கு வாங்கினது."

ஏமாற்றவே முடியாத மனிதன் உருளைக்கிழங்கை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். கீழே ஓடினான். பூக்காரம்மாவிடம் மல்லி வாங்கினான். மூச்சிரைக்க மேலே வந்து நீட்டினான். "கோட்டைக் குடுங்க. துவைச்சுத் தரேன். திங்கக்கிழமை காலைல, இதே பாலம்."

"இன்னைக்கு என்ன தேதி?"

"ஏப்ரல் ஒண்ணு."

"இதை நம்பணுமா நான்?"

ஆனாலும் கொடுத்தாள். சோழிங்கநல்லூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக் கிழக்குப் பக்கப் படிகளில் இறங்கி ஓடினாள். பின்னல் ஒரு பக்கம், துப்பட்டா ஒரு பக்கம்... கேஷவ் பாலத்திலேயே நின்றான், கையில் கோட்டோடு. இன்னொரு கையில் இன்னும் அந்த உருளைக்கிழங்கு.

திங்கட்கிழமை அவன் வந்தான். அவன் வந்திருக்க மாட்டான் என்று உறுதி செய்துகொள்ள அவளும் வந்தாள்.

எலுமிச்சம்பழம், உப்பு, அம்மாவின் வசவு மூன்றும் சேர்த்துத் துவைத்தும் முத்திரை போகவில்லை. நீலம் மங்கி, வானத்தில் விமானம் விட்டுப்போன புகை மாதிரி நின்றது. அவள் அதைத் தடவிப் பார்த்தாள். உதட்டோரம் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போயிற்று.

பெயர் வினிதா. மேற்குத் தாம்பரத்தில் ஒரு லேபில் டெக்னீஷியன் பயிற்சி. வீடு பனையூர் குப்பம், கடலோரம். அம்மா அங்காளம்மா மீன் விற்கிறாள்.

"அப்பா?"

"கடலுக்குப் போயிருக்காரு."

அதன் பிறகு அந்தப் பாலத்தில் அவர்கள் எத்தனையோ முறை தற்செயலாகச் சந்தித்துக்கொண்டார்கள். தற்செயலுக்காகக் கேஷவ் அரைமணி முன்னதாகவே வந்து காத்திருப்பான். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு ஒருமுறை போனார்கள். பழைய மிக்ஸி ஒன்றை அவள் பேரம் பேசிய வேகத்தில் கடைக்காரர் தண்ணீர் குடித்தார்.

"இன்னாண்ணா, ஓடுமா ஓடாதா? ஒரு வார்த்த சொல்லு."

"ஓடும்மா, சத்தியமா."

"இவரைக் கேளுங்க," என்று கேஷவ் பக்கம் கைகாட்டினாள். "சத்தியம் பண்றதுல இவரு பி.ஏ."

ஐப்பசி மழையில் ஒருநாள் ஒரு செருப்புக் கடை ஓரமாக ஒதுங்கினார்கள். ரோடெல்லாம் தண்ணீர், பஸ்ஸெல்லாம் படகு. மழை வந்தால் எல்லோரும் குடையைத் தேடுவார்கள். வினிதா தலையை நீட்டிக் காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பார்ப்பாள். "வாடை..." என்று முணுமுணுப்பாள். முகம் வெளுத்துவிடும். அன்றும் அப்படித்தான். நெற்றியில் ஒரு துளி, இமையில் ஒரு துளி... இமையில் நின்ற துளி விழவே இல்லை.

"வினிதா... எனக்கு உன்னை ரொம்ப..."

"உருளைக்கிழங்கு எங்க?" என்றாள் அவள், அவன் கைகளைப் பார்த்து.

"சீரியஸா சொல்றேன்."

"நீ எதைத்தான் சீரியஸா சொல்லல? லேட்டா வந்தா மாடு முட்டிச்சுன்னுவ. மொகத்துல ஒண்ணும் தெரியாது. நீ சொல்றதுல எது நெசம்னு பாக்க எங்க லேப்ல டெஸ்ட் எதுவும் கெடையாது கேஷவ்." சிரித்தாள். பிறகு சிரிக்காமல் சொன்னாள். "வெளையாட்டுக்கு சொல்றதை நம்பிட்டு நிக்க எங்க வூட்ல இன்னொரு ஆளுக்குத் தெம்பு இல்ல."

அது என்னவென்று அவன் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. தான் சொன்னதை ஒருத்தி நம்பவில்லையே என்ற ரோஷம் காதை அடைத்திருந்தது. அவள் ஒரே ஒரு வார்த்தையை நம்ப வேண்டும்... அதுதான் அவனுக்கு வேண்டியிருந்தது. அதற்கு அவன் கண்டுபிடித்த வழியோ உலக மகா வழி. துறை விழாவில் மேடையேறிப் பேசுவது! ஆயிரம் பேர் கைதட்டினால் அவளுக்கும் புரியும், இவன் சாதாரண ஆள் இல்லை என்று.

விழா மார்ச் முப்பத்தொன்றாம் தேதி. அவன் தலைப்பு, 'முட்டாள்களின் வரலாறு'. கண்டிப்பாக வா என்று கூப்பிட்டான். லேபில் அனுமதி வாங்கிக்கொண்டு வந்தாள். கடைசி வரிசையில் உட்கார்ந்தாள், அந்த வெள்ளைக் கோட்டோடு.

கேஷவ் அன்று பேசிய பேச்சு! ராஜா வந்தான், காலண்டர் மாறியது, ஊர் மாறியது. அரங்கம் சிரித்துக் குலுங்கியது. பிறகு பழைய தேதிக்காரனாகவே மாறினான். ஒரு கையில் சாப்பாட்டுத் தட்டு. இன்னொரு கையை நெற்றியில் வைத்து, கண்ணைச் சுருக்கி, இல்லாத தெருவின் கடைசியைப் பார்த்தான்.

"வருது... வருது... இதோ வந்துடும்! சோறு ஆறிப்போச்சு, ஊரு சிரிக்குது, பரவால்ல... அதோ புள்ளி மாதிரி தெரியுது பாரு!"

விசில் பறந்தது. அந்தச் சமயம் பார்த்து, ஏற்பாட்டின்படி, விக்கி பின்வரிசையில் எல்லோர் முதுகிலும் காகித மீனை ஒட்டிக்கொண்டே வந்தான். ஒரு மீன் வெள்ளைக் கோட்டிலும் ஒட்டியது.

வினிதா எழுந்தாள். கதவைத் திறந்துகொண்டு போனாள். முதுகில் மீன் ஆடிக்கொண்டே போனதை மேடையிலிருந்து கேஷவ் பார்த்தான். கைதட்டலைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினான்.

கல்லூரி வாசலில்தான் பிடிக்க முடிந்தது. "வினிதா, நில்லு... முதுகுல ஒண்ணு..." என்று கை நீட்டினான். அவளே கையை வளைத்துப் பிய்த்தெடுத்தாள். பார்த்தாள். கத்தரிக்கோலால் அழகாக வெட்டிய மீன். கண்கூட வரைந்திருந்தது.

"எங்கப்பா கடலுக்குப் போயிருக்காருன்னு சொன்னேன்ல," என்றாள். குரல் உயரவே இல்லை. "நான் ப்ளஸ் ஒன் படிக்கசொல போனவரு. ஐப்பசில. திடீர்னு காத்து மாறிடுச்சு. கூடப் போன படகெல்லாம் திரும்பிடுச்சு. அவரு படகு மட்டும் வரல. எங்கம்மா 'காணவில்லை'ன்னு போட்டோ அடிச்சு, போன் நம்பர் போட்டு, ஈசிஆர் ரோடு பூரா ஒட்டிச்சு. ஒரு போனும் வரல. அப்புறம் ஒண்ணு வந்துச்சு. 'உங்க வூட்டுக்காரரு ஆந்திரா பக்கம் கரை ஒதுங்கி, பொழைச்சுக்கிட்டாரு. போட்ல அனுப்பிட்டோம். மத்தியானத்துக்குள்ள வந்துருவாரு'ன்னு. எங்கம்மா போனை அப்டியே போட்டுட்டுக் கரைக்கு ஓடிச்சு. நான் எடுத்து காதுல வச்சேன். அந்தப் பக்கம் ரெண்டு மூணு பசங்க சிரிக்கிறாங்க. 'ஏப்ரல் ஃபூல்'ங்கறாங்க."

கேஷவ் நீட்டிய கையைக் கீழே இறக்கினான்.

"எனக்குச் சொல்ல வாய் வரல. அம்மா வஞ்சிரம் வாங்கிட்டு வந்துச்சு. நான் மசாலா அரைச்சுக் குடுத்தேன். தலைநெறைய பூ வச்சுகிச்சு. சோத்தை வச்சுகினு கரையில நின்னுச்சு. கையை இப்டி நெத்தியில வச்சுகினு... நீ காமிச்ச பாரு, அப்டியேதான். சாயங்காலம்தான் சொன்னேன். அதுலேர்ந்து ஒவ்வொரு வருஷமும் அதே தேதியில நிக்குது."

சோழிங்கநல்லூர் பஸ் வந்து நின்றது. அவள் காகித மீனை அவன் கையில் வைத்தாள்.

"நாளைக்கும் நிக்கும். போய் ஒட்டு."

மறுநாள் காலை. அவளுக்கு அனுப்ப ஒரு செய்தி அடித்தான், அழித்தான். 'மன்னிச்சுடு' என்று அடித்தான். மேலே தேதியைப் பார்த்தான். ஏப்ரல் ஒன்று. அழித்தான்... போன் செய்யக் கை வரவில்லை. அந்தத் தேதியில் அவர்கள் வீட்டுக்கு இன்னொரு போனா?

சோழிங்கநல்லூரில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் ஈசிஆர் போய், குப்பத்துச் சந்துக்குள் நடந்தான். யாரையும் வழி கேட்க வேண்டியிருக்கவில்லை, கடல் இரைச்சலே வழி சொன்னது. மணல் கொதித்தது. கரையேறிய ஃபைபர் படகுகளின் நிழலில் வலைகள் கிடந்தன. அதற்கு அப்பால், அலைக்குப் பக்கத்தில், அரக்குப் புடவையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். தலையில் மல்லிகை. பக்கத்தில் துணி கட்டிய பாத்திரம். சற்றுத் தள்ளி வினிதா. அவனைப் பார்த்தாள். போ என்று சொல்லவில்லை.

"யாருப்பா நீ? இன்னா வோணும்?" என்றாள் அங்காளம்மா.

பொய் சொல்வதில் பி.ஏ. வாங்கியவனுக்கு ஒரு பொய்யும் கிடைக்கவில்லை. "வினிதாவோட ஃப்ரெண்டும்மா... கேஷவ்."

"கோட்டுல மை வச்ச புள்ளயா?"

"ஆமாம்மா."

"இன்னொரு கோட்டு வாங்கிக்கோடின்னா கேக்க மாட்டேன்றா. அதையே போட்டுகினு திரியறா." அங்காளம்மா இடம் விட்டு நகர்ந்தாள். "ஏன் நின்னுகினு கீற? வெயிலு. ஒக்காரு."

உட்கார்ந்தான். எதிரே கடல். ஏப்ரல் மாதத்துக் கடல், ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி. ஊர்க்காரர் ஒருவர் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு கடந்து போனார். அங்காளம்மாவைப் பார்த்தும் பார்க்காதவர்போல் போனார். பிறகு அவளே பேசினாள், கடலைப் பார்த்தபடி.

"பைத்தியம்னு நெனைச்சுகினு இருப்ப."

"இல்லம்மா."

"அந்தப் போனு பொய்யின்னு எனக்குத் தெரியாதா? அன்னிக்கி சாயங்காலமே இவ சொல்ட்டா. ஆனா கேளு... இவங்கப்பன் ஆனந்தன் போனதுலேர்ந்து எல்லாரும் ஒரே பேச்சுதான். 'இனிமே வர மாட்டாரு.' ஆபீசரு சொன்னாரு, என் தம்பி சொன்னான், கோயில்ல அருள் வந்து ஆடினவன்கூட சொன்னான். தாலியக் கழட்டுன்னாங்க. 'வந்துகினே கீறாரு'ன்னு எங்கிட்ட சொன்னது அந்தப் பையன் ஒருத்தன்தான்." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "சிரிக்கறதுக்குத்தான் சொன்னான். சொல்லிட்டுப் போவட்டும். அந்த ஒரு வார்த்தைக்கு வருஷத்துல ஒரு நாளு குடுக்கக் கூடாதா நானு?"

கேஷவ் தலையைக் குனிந்துகொண்டான். மணலில் ஒரு சொட்டு விழுந்து கறுத்தது. அதன் பக்கத்திலேயே இன்னொன்று. முகத்தில் எதையுமே காட்டாத பையன் என்று கல்லூரியே சொல்லும்.

வெயில் சாயத் தொடங்கியது. அங்காளம்மா எழுந்து, புடவை நுனி நனைய நனைய, அலையோரமாக நடந்து போனாள். வினிதா மெல்ல நகர்ந்து அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். காற்றில் அவள் முடி ஒன்று பறந்து அவன் தோளைத் தொட்டுத் தொட்டு விலகியது.

"எதுக்கு வந்த?"

"தெரியல."

"இதாவது நெசமா?"

"ம்."

ஒரு அலை வந்து போயிற்று.

"ஒண்ணு சொல்லணும் வினிதா. நாளைக்குச் சொல்றேன். இன்னைக்குச் சொன்னா நீ நம்ப மாட்ட."

அவள் அவனைப் பார்த்தாள். அன்றைக்குப் பாலத்தில் பார்த்த அதே கண்கள்தான். ஆனால் இப்போது விளிம்பு வரை நிறைந்திருந்தன... நிறைந்தும் துடைத்துக்கொள்ளவில்லை.

"இன்னைக்கே சொல்லு," என்றாள். "எங்க வூட்ல இந்த நாள்ல சொல்றதைத்தான் நம்புவோம்."

அவன் சொன்னான். ஜோடனை இல்லை, கண்சிமிட்டல் இல்லை. "எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு. அம்மா நிக்கிற வரைக்கும் நானும் வரேன்." அவ்வளவுதான். வினிதாவின் கண்கள் உடைந்தன. இத்தனை வருஷமாக இறங்காத மழை இறங்கியது. சத்தமே இல்லாமல், அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "எனக்கும்தான்..." என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள். "அந்தச் செருப்புக் கடையிலேயே நம்பிட்டேன். பயமா இருந்துச்சு... அதான்."

துணி கட்டிய பாத்திரத்தில் குழம்பு ஆறிப்போயிருந்தது. குப்பத்துப் படகுகள் காலையிலேயே கரை சேர்ந்துவிட்டன. இனி வர ஒன்றும் இல்லை என்பது அங்கிருந்த மூவருக்குமே தெரியும்.

அப்போதுதான் வடக்கே, வெகு தூரத்தில், வானமும் தண்ணீரும் சேரும் இடத்தில் ஏதோ கறுப்பாகத் தெரிந்தது. அங்காளம்மா அதைப் பார்க்கவில்லை. வினிதாவும் பார்க்கவில்லை. அவள் முகம் இன்னும் அவன் சட்டைக் கையில் புதைந்திருந்தது.

கேஷவ் மெதுவாகத் தன் கையை விடுவித்துக்கொண்டான். எழுந்தான். சுற்றிலும் யார் பார்க்கிறார்கள் என்று பார்க்கவில்லை. இன்னும் சூடு ஆறாத மணலில் வெறுங்காலோடு நான்கு எட்டு வைத்து, அலை முட்டியை நனைக்கும் இடத்தில் நின்று, கையை நெற்றியில் வைத்து, கண்ணைச் சுருக்கி, அந்தப் புள்ளியைப் பார்க்க ஆரம்பித்தான்.